தலைச்சுற்று என்னும் ஒற்றைச் சொல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளின் ஓர் அங்கமாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில், 1981ஆம் ஆண்டு வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எங்கள் வகுப்புக்கு இந்தக் கருத்தரங்கில் இருபது நிமிடம் ஒதுக்கியிருப்பதாகச் செயலாளர் அறிவித்தபோது, நீரிழிவைப் பற்றிப் பேசுவதா, முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவதா என்று எங்களுக்குள் ஒரு சிறு சண்டையே நடந்தது. அறுபதைத் தொட்டவர்களுக்கு விடயப் பஞ்சம் இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் இரண்டு குடும்பங்களை வருடக்கணக்கில் அலைக்கழித்த ஒன்றைப் பற்றி யாரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை என்பதால் அதையே எடுத்துக்கொண்டோம். அதுதான் தலைச்சுற்று. இந்த உரையை மூவர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி முப்பது வருடம் அரசாங்க வைத்தியசாலைகளில் தாதியாக இருந்தவள். ஒருத்தி நோயாளி. மற்றவள் நோயாளியின் மகள். எங்களில் யாரும் வைத்தியர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நோயாளியான தோழி சங்கீத ஆசிரியை. ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஞாயிறு காலை கட்டுகஸ்தோட்டையில் தன் வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வலது காது அடைத்துக்கொண்டது போல இருந்தது. மழைக்காலத்தில் பேராதனைப் பாலத்தின் கீழ் மகாவலி இரைவது போல ஓர் இரைச்சல். அடுத்த கணம் சுவர், அலுமாரி, யன்னல் எல்லாம் ஒரே பக்கமாகச் சுழலத் தொடங்கின. நிலத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். நிலமும் சுற்றியது. வாந்தி. மூன்று மணித்தியாலம் கண்ணைத் திறக்க முடியவில்லை. மாலையில் எழுந்தபோது உடம்பு கழுவிப் போட்ட துணி போல இருந்தது, ஆனால் சுற்று இல்லை.

அன்று பார்த்த டொக்டர் பிரஷரை அளந்தார். கூடியிருந்தது. மூன்று மணித்தியாலம் வாந்தி எடுத்தவளுக்குப் பிரஷர் கூடாமல் என்ன செய்யும்? மாத்திரை தொடங்கினார்கள். அந்த மாத்திரையால் எழும்பி நிற்கும்போது கண் இருட்டத் தொடங்கியது. ஆக, ஒரு தலைச்சுற்றுக்கு இரண்டு தலைச்சுற்று ஆயிற்று. அடுத்த முறை வந்தபோது கழுத்து எக்ஸ்-ரே எடுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்றார்கள். எங்கள் வயதில் யாருக்குத்தான் தேயவில்லை? கழுத்துப் பட்டி போட்டாள். கண்ணாடி மாற்றினாள். உறவுக்காரர்கள் கண்ணூறு என்று நூல் கட்டினார்கள். மாமியார் வீட்டில் "அவளுக்கு நரம்புத் தளர்ச்சி, யோசனை கூட" என்று முடிவு கட்டினார்கள். இப்படியே இரண்டரை வருடம் போயிற்று.

இந்த இரண்டரை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "காது எப்படி இருக்கிறது?" அவளும் சொல்லவில்லை. தலை சுற்றுவதற்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

பத்தாம் வகுப்பில் விஞ்ஞானப் பாடத்துக்குக் காதின் படம் வரைந்து பெயரிட்டு, மிஸ்ஸிடம் சிவப்பு மையில் சரி வாங்கிய நாங்கள்தான் இப்படி நினைத்தோம். படத்தை இப்போது மீண்டும் மனதில் விரியுங்கள். செவிப்பறைக்கு உள்ளே, எலும்புக்குள் புதைந்து, இரண்டரைச் சுற்றுள்ள நத்தைச்சுருள் இருக்கிறது. அது கேட்பதற்கு. அதோடு ஒட்டினாற்போல் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இரண்டு சிறு பைகளும் இருக்கின்றன. இவை தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டிருப்பவை. அந்தச் சிறு பைகளில் கல்சியம் காபனேற்றுத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. எல்லாவற்றின் உள்ளேயும் ஒரே திரவம்தான் நிறைந்திருக்கிறது. கேட்கும் பகுதியும் சமநிலைப் பகுதியும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். அதனால் ஒன்றில் கோளாறு வந்தால் மற்றதையும் விசாரிக்க வேண்டும்.

இதை முதலில் உரத்துச் சொன்னவர் பரிசில் செவிப்புலனற்றோர் நிறுவனத்தில் வைத்தியராக இருந்த புரொஸ்பர் மெனியர். கடும் சுழற்சியும் வாந்தியும் மூளையிலிருந்து வருபவை என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1861இல், இவை உட்காதிலிருந்தும் வரலாம் என்று அவர் கட்டுரை வாசித்தார். அடுத்த வருடமே இறந்துபோனார். எங்கள் தோழிக்கு இருந்தது அவர் பெயரால் வழங்கும் நோய்தான். உட்காதுத் திரவம் மிகைப்பட்டு அழுத்தம் கூடுவதோடு இது தொடர்புடையது என்கிறார்கள். ஏன் மிகைப்படுகிறது என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. ஒருமுறை வந்தால் இருபது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம் வரை சுழலும். அதே காதில் அடைப்பும் இரைச்சலும் இருக்கும். கேட்கும் திறன் ஏறி இறங்கும், பின் மெல்ல மெல்ல இறங்கியே நின்றுவிடும். பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளே முதலில் போகும்.

சங்கீத ஆசிரியைக்கு அது எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் வகுப்பில் ஹார்மோனியத்தின் சுருதி விலகியிருக்கிறது என்று பிள்ளைகளைக் கடிந்துகொண்டாள். ஒரு சின்னப் பிள்ளை பயந்து பயந்து, "மிஸ், சுருதி சரியாத்தான் இருக்கு" என்றாள். வீட்டுக்குப் போய்ச் சுருதிப் பெட்டியைப் போட்டு ஒரு காதைப் பொத்திக் கேட்டாள், பிறகு மற்றக் காதைப் பொத்திக் கேட்டாள். ஒரே ஸட்ஜம் இரண்டு காதிலும் வேறு வேறாகக் கேட்டது. அன்று இரவு அழுதது தலைச்சுற்றுக்காக அல்ல என்று அவள் எங்களிடம் சொன்னாள்.

அந்த வருட ஒன்றுகூடலில் இதை அவள் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் தாதித் தோழி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கே காதைச் சோதி" என்றாள். கேட்டல் பரிசோதனையில் வலது காதில் தாழ்ந்த ஒலிகளின் கோடு இறங்கியிருந்தது. காது நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதன் பிறகுதான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது.

இனி அம்மாவின் கதை. எங்களில் ஒருத்தியின் தாயார், கம்பளையில் இருப்பவர், எழுபத்தெட்டு வயது. அவருக்கும் "தலைச்சுற்று". விடியற்காலை கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் உலகம் சுழலும். அரை நிமிடம்கூட இராது, நின்றுவிடும். மேல்தட்டிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுக்க அண்ணாந்தால் வரும். கோயிலில் விழுந்து கும்பிட்டு நிமிர்ந்தால் வரும். (சுஜூதிலிருந்து எழும்பும்போது இப்படி வருகிறது என்று எங்கள் முஸ்லிம் தோழி ஒருத்தியும் சொன்னாள்.) காதில் இரைச்சல் இல்லை, கேட்பதில் மாற்றமும் இல்லை. பயத்தில் அவர் கோயிலுக்குப் போவதை விட்டார், தனியே குளிப்பதை விட்டார். ஒரு வருடம் தலைச்சுற்று மாத்திரை விழுங்கினார். பிறகு ஒரு நாள் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

கை முறிவுக்குப் பார்க்கப் போன இடத்தில் ஓர் இளம் வைத்தியர், ஏன் விழுந்தீர்கள் என்று விசாரித்துக் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே அம்மாவைக் கட்டிலில் இருத்தி, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்துக் கண்களைப் பார்த்தார்கள். கண்மணிகள் துடித்துச் சுழன்றன. அதுதான் பரிசோதனை. பிறகு தலையை மறுபக்கம் திருப்பி, அப்படியே பக்கவாட்டில் புரளச் செய்து, எழுப்பி உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் அளவில் காத்திருந்தார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். அம்மா கேட்டாராம்: "இவ்வளவுதானா தம்பி?"

இவ்வளவுதான். சிறு பையில் ஒட்டியிருக்க வேண்டிய கல்சியம் துகள்கள் கழன்று அரைவட்டக் கால்வாய்க்குள் போய்விட்டிருந்தன. தலையை முறையாக உருட்டி அவற்றைத் திரும்ப உரிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தலை அசையும்போது சில கணம் வரும் இந்தச் சுழற்சியை 1921இல் விவரித்தவர் ரொபேட் பாரனி. 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு தமக்குக் கிடைத்த செய்தியை ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது அறிந்தவர். மல்லாக்கச் சாய்த்துப் பார்க்கும் அந்தப் பரிசோதனை 1952இல் மாகிரட் டிக்ஸ், சார்ள்ஸ் ஹோல்பைக் என்ற இருவரால் வந்தது. மாகிரட் டிக்ஸ் போர்க்காலக் குண்டுவீச்சில் முகத்திலும் கண்ணிலும் காயமுற்று, அறுவைச் சிகிச்சையைக் கைவிட்டு இந்தத் துறைக்கு வந்த பெண்மணி. எங்கள் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். உருட்டும் சிகிச்சையை 1992இல் கட்டுரையாக வெளியிட்டவர் அமெரிக்கரான ஜோன் எப்லி. வெறும் கையால் சுகமாகிறது என்றபோது சக வைத்தியர்களே அவரை நெடுநாள் நம்பவில்லை.

அம்மாவுக்கு அடுத்த வருடம் மீண்டும் வந்தது. அப்படி வருவது வழக்கம்தானாம். மீண்டும் ஐந்து நிமிடம். இப்போது கோயிலுக்குப் போகிறார். இந்தச் சிகிச்சையைக் காணொளி பார்த்து வீட்டிலே செய்யலாமா என்று கேட்பீர்கள். எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று ஒரு தடவையாவது தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு செய்யலாம். கழுத்திலோ முதுகிலோ கோளாறு உள்ளவர்கள் தாமாகச் செய்ய வேண்டாம்.

இரண்டு பேருக்கும் வாயில் வந்த சொல் ஒன்றுதான். நாம் தமிழர் எல்லாவற்றையும் "தலைச்சுற்று", "மயக்கம்", "கிறுகிறுப்பு" என்ற மூன்று சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். சாப்பிடாமல் இருந்தால் மயக்கம், இரத்தம் குறைந்தாலும் மயக்கம், உலகமே சுழன்றாலும் மயக்கம். கண்டியில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் உண்டு. கிளினிக்கில் பெரும்பாலும் நாம் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அல்லது கூடப் போகிறவர் சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து வரும் ஓர் அம்மா "மயக்கமா வருது ஐயா" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் அதைக் "கலந்தெ" என்று மாற்றுகிறார். கலந்தெ என்றால் விழுந்துவிடும்போல வரும் மயக்கம். வைத்தியர் பிரஷரும் சீனியும் இரத்தமும் பார்க்கிறார். அவர் செய்வது சரி, அவருக்குக் கிடைத்த சொல்லுக்கு அதுதான் பரிசோதனை. "ஒளுவ கெறகெனவா", அதாவது தலை சுழல்கிறது என்று சொல்லியிருந்தால் கேள்விகள் வேறு விதமாகப் போயிருக்கும். எங்கள் தாதித் தோழி இந்த மொழிபெயர்ப்பு விபத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அரை நிமிடச் சுழற்சி என்பது சின்ன விடயம் அல்ல.

ஆகவே சொல்லை நம்பாதீர்கள், கதையை எழுதிக்கொண்டு போங்கள். ஒரு கொப்பித் தாள் போதும். எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதே முதல் வரி. சில விநாடியா, மணித்தியாலமா, நாட்கணக்கா? சில விநாடி என்றால் அம்மாவின் துகள்கள் நினைவுக்கு வரும். மணிக்கணக்கு என்றால் மெனியர். அல்லது ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்து வரும் சுழற்சியும் இருக்கிறது. அது தலைவலி இல்லாமலும் வரும், பெண்களுக்குத்தான் அதிகம். தடிமன் காய்ச்சலுக்குப் பின் நாட்கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். அடுத்து, எதைச் செய்தால் வருகிறது: புரண்டால், அண்ணாந்தால், எழும்பினால், அல்லது சும்மா இருக்கும்போதே. பிறகு காது: அடைப்பு, இரைச்சல், எந்தப் பக்கம், கேட்பது குறைகிறதா. கடைசியாக, விழுங்குகிற மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரும், நாட்டு மருந்து உட்பட. முடிந்தால் சுற்றும்போது வீட்டிலுள்ள ஒருவர் கைத்தொலைபேசியில் உங்கள் கண்களை வீடியோ எடுக்கட்டும். கண் எந்தப் பக்கம் துடிக்கிறது என்பது வைத்தியருக்குப் பெரிய சாட்சி. அழகாக இராது, பரவாயில்லை.

எங்கே போவது? கண்டியில் இருப்பது நம்முடைய அதிர்ஷ்டம் என்றே சொல்லுவோம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும், 1980இல் திறக்கப்பட்ட பேராதனை போதனா வைத்தியசாலையிலும் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகள் இருக்கின்றன. இலவசம். வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து கிளினிக்குக்குத் துண்டு வாங்க வேண்டும். கிளினிக் நாட்கள் மாறும், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நாவலப்பிட்டி, நுவரெலியாப் பக்கத்தவர்கள் அங்குள்ள வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்று வந்தால் இரட்டை அலைச்சல் மிச்சம். பிள்ளைகளுக்கு என்றால் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை.

மாலையில் சனல் பண்ணிப் பார்ப்பவர்கள் பார்க்கலாம். ஆனால் ஒரு யோசனை. நீங்கள் சனல் பண்ணும் நிபுணர் பெரும்பாலும் பகலில் அரசாங்க வைத்தியசாலையில்தான் இருப்பார். "இந்தப் பரிசோதனைகளை அங்கே செய்யக் கடிதம் தருவீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எம்.ஆர்.ஐ.க்குக் காசு கட்டுவதா, காத்திருப்பதா என்பது அவசரத்தைப் பொறுத்தது. அதையும் அவரிடமே கேளுங்கள். கேட்டல் பரிசோதனையைச் சுழற்சி வந்த நாட்களை ஒட்டிச் செய்வது நல்லது. மெனியர் நோயின் ஆரம்பத்தில் இரண்டு மாதம் கழித்துப் போனால் காது சரியாகவே கேட்டுக்கொண்டிருக்கும், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு ஆள் இருக்கிறார், நாம் மறந்துவிடுகிற ஆள்: பிசியோதெரபிஸ்ட். நரம்பு அழற்சிக்குப் பின் பல மாதம் தள்ளாடுபவர்களுக்குக் கண்ணையும் தலையையும் பழக்கும் பயிற்சிகள் மாத்திரையை விட உதவும். அசையாமல் படுத்திருந்தால் மூளை பழகாது.

மாத்திரை பற்றிச் சொல்ல எங்களுக்குத் தயக்கம்தான். ஆனாலும் சொல்கிறோம். பார்மசியில் கேட்டதும் தரும் தலைச்சுற்று மாத்திரைகளில் சின்னரிசின், ஸ்டெமெட்டில் இரண்டும் கடும் சுழற்சியும் வாந்தியும் உள்ள சில நாட்களுக்குத்தான். மாதக்கணக்கில் விழுங்கினால் மூளை தானாகச் சமாளிக்கப் பழகுவதைத் தடுக்கும். வயதானவர்களுக்கு கை நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் கூட வரலாம். அம்மா ஒரு வருடம் விழுங்கியதை நினைத்துப் பாருங்கள். மெனியருக்கு வழக்கமாகக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினை ஜேர்மனியில் 221 பேரைக் கொண்டு ஒன்பது மாதம் சோதித்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு சுகம்தான் என்று 2016இல் வெளியிட்டார்கள். அதற்காக நாளைக்கே நிறுத்த வேண்டாம், உங்கள் வைத்தியரிடம் பேசுங்கள். எங்கள் தோழி இன்றும் அதை எடுக்கிறாள். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்கும் உறுதியான சான்று குறைவு, ஆனால் நட்டம் ஏதும் இல்லை. அவள் கருவாடு, அச்சாறு, சூப் கட்டை மூன்றையும் விட்டாள். கருவாட்டை விட்டதுதான் நோயை விடப் பெரிய துன்பம் என்பாள். இவற்றுக்கும் அடங்காவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி மருந்து ஏற்றும் முறைகளும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. மெனியர் நோயால் 1963இல் பறக்கக் கூடாதென்று நிறுத்தப்பட்ட அமெரிக்க விண்வெளி வீரர் அலன் ஷெப்பேட், காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 1971இல் நிலவில் நடந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. அந்தச் சிகிச்சை எவ்வளவு பலன் தரும் என்பதில் நிபுணர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

இரண்டு சந்தர்ப்பங்களில் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. சுற்றுடன் பேச்சுக் குழறினால், இரட்டையாகத் தெரிந்தால், கை கால் வழங்காவிட்டால், புதிதாகக் கடும் தலையிடி வந்தால், அல்லது பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால் அது பாரிசவாதமாக இருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. மற்றது, ஒரு காது திடீரென்று கேளாமற் போனால் அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டு இருக்காதீர்கள். முதல் சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம். அன்றே போங்கள்.

எங்கள் தோழியின் வலது காது திரும்பவில்லை. சுழற்சி இப்போது வருடத்துக்கு ஓரிரண்டு தடவைதான். பெரஹரா கூட்டத்துக்குள் போகமாட்டாள், பதினெட்டு வளைவுப் பாதையில் முன் ஆசனம் கேட்பாள், கைப்பையில் ஒரு பொலித்தீன் பையும் ஒரு கடதாசியும் இருக்கும். அந்தக் கடதாசியில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருக்கிறது: "நான் குடித்திருக்கவில்லை. எனக்குக் காது வருத்தம். தயவுசெய்து படுக்க இடம் தாருங்கள்." பஸ் நிலையத்தில் ஒரு தடவை பட்ட அவமானத்துக்குப் பிறகு எழுதியது. ஓய்வு பெற்றும் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். சுருதிப் பெட்டி இப்போது இடப்பக்கம்.

தேநீர் இடைவேளையில் எங்கள் தாதித் தோழி ஆசிரியர் ஓய்வறை மேசையில் இருப்பாள். மேலே சொன்ன கேள்விகளை இரு மொழியிலும் அச்சிட்ட தாள்கள் அவளிடம் இருக்கின்றன. வீட்டில் யாருக்கேனும் வேண்டுமானால் எடுத்துச் செல்லுங்கள். இறுதியில் கல்லூரிக் கீதத்தை எடுத்துக்கொடுக்கப் போகிறவள் எங்கள் சங்கீத ஆசிரியைதான். அவளோடு பேச விரும்புகிறவர்கள் தயவுசெய்து இடப்பக்கமாக வந்து நில்லுங்கள்.